தறியை விடுவதும் ஊரை விடுவதும்: ஆரணிப் பட்டு நெசவாளர் தங்குதலும் பெயர்தலும்

ஒரு நகரத்தின் மக்கள்தொகை குறைந்தால் அங்கிருந்து மக்கள் போய்விட்டார்கள் என்று பொதுவாகப் பொருள் கொள்ளப்படுகிறது. ஆனால் பிறப்பு, இறப்பு, வருகை, வெளியேற்றம் ஆகிய நான்கும் கூடிக் கழிந்துதான் அந்த எண் உருவாகிறது என்பதால், எண் குறையாத ஊரிலிருந்தும் மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கக்கூடும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 60,888 ஆக இருந்த ஆரணி நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 63,671 ஆனது. பத்தாண்டில் 4.6 விழுக்காடு வளர்ச்சி. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகை 15.6 விழுக்காடும், நகர்ப்புற மக்கள்தொகை ஏறத்தாழ 27 விழுக்காடும் கூடின. இந்த 27 விழுக்காட்டில் ஒரு பகுதி, கிராமங்களாக இருந்தவை நகரங்களாகப் பெயர் மாற்றம் பெற்றதால் வந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஆரணி பின்தங்கி நின்றது தெளிவு.

தமிழ்நாட்டில் அக்காலத்தில் பிறப்பு விகிதத்திலிருந்து இறப்பு விகிதத்தைக் கழித்தால் கிடைக்கும் இயற்கைப் பெருக்கம் ஆண்டுக்குச் சுமார் ஒரு விழுக்காடாக இருந்தது. யாரும் வராமலும் யாரும் போகாமலும் இருந்திருந்தால்கூட ஆரணி பத்தாண்டில் ஒன்பது, பத்து விழுக்காடு வளர்ந்திருக்க வேண்டும். அதில் பாதிகூட வளரவில்லை என்பதால், வந்தவர்களைக் காட்டிலும் போனவர்கள் அதிகம் என்ற முடிவுக்கு வரலாம். 2011இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,036 பெண்கள் என்ற விகிதம் அங்கே பதிவானதும், மாநில அளவில் அது 996ஆக இருந்ததும் இதனுடன் ஒத்துப்போகின்றன. வேலைக்காக வெளியூர் போய்த் தங்குபவர்களில் ஆண்களே மிகுதி என்பது இந்திய நகர்ப்பெயர்வுகளில் பரவலாகக் காணப்படுவது. போனவர்களில் ஒரு பங்கினர் தொலைவுக்குப் போகவில்லை என்பதையும் கருத வேண்டும். சேவூர், இரும்பேடு, சத்தியவிஜயநகரம் எனச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் மனை வாங்கி வீடு கட்டியவர்கள் நகராட்சி எல்லையைத் தாண்டியதால் கணக்கிலிருந்து நீங்கினார்களே தவிர, ஆரணிக் கடைவீதியிலிருந்து நீங்கவில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், இதற்குப் பிந்தைய நிலையை அறிய 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ள கணக்கெடுப்பு வரை காத்திருக்க வேண்டும். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் 1.8 ஆகிவிட்டது என்று 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. மக்கள்தொகை நிலையாக நிற்கத் தேவைப்படும் 2.1க்கு இது கீழே. பிறப்பால் கிடைத்துவந்த ஈடு குறையக் குறைய, இதுவரை மறைந்திருந்த வெளியேற்றம் சிறுநகரங்களின் எண்களில் நேரடியாகவே தெரியத் தொடங்கும்.

ஆரணியைப் பொறுத்தவரை, மக்கள் ஏன் தங்குகிறார்கள், ஏன் போகிறார்கள் என்ற கேள்வியை ஒரே கேள்வியாகக் கேட்டால் விடை பிடிபடுவதில்லை. அங்கே வெளியேறுதல் இரண்டு வகை. பட்டுத்தறியை விட்டு வேறு வேலைக்குப் போவது ஒன்று. ஆரணியை விட்டு வேறு ஊருக்குப் போவது மற்றொன்று. பழைய காலத்தில் இவ்விரண்டில் பின்னது நடந்தது, முன்னது அரிது. இன்று முன்னதே பெரிதும் நடக்கிறது, பின்னது அதைவிடக் குறைவு. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை விளக்கினால், தங்குவதற்கும் போவதற்குமான காரணங்கள் தாமாகவே பிரிந்து தெரியும்.

இடப்பெயர்வு பற்றிய கோட்பாடுகள் ஒன்றையொன்று நிரப்புபவை. 1885இல் ராவென்ஸ்டைன் வகுத்த விதிகள், பெரும்பாலோர் குறுந்தொலைவே பெயர்கிறார்கள் என்றும் பொருளாதாரக் காரணமே முதன்மையானது என்றும் கூறின. 1966இல் எவரெட் லீ, பிறந்த ஊரில் இருந்து தள்ளும் காரணிகள், புதிய ஊரில் இருந்து இழுக்கும் காரணிகள் ஆகியவற்றோடு இடையில் நிற்கும் தடைகளையும் கணக்கில் சேர்த்தார். 1970இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன், நலிந்துவரும் ஓர் அமைப்பில் இருப்பவருக்கு வெளியேறுவது, உள்ளிருந்தே குரலெழுப்புவது என்னும் இரு வழிகள் உண்டென்றும், அமைப்பின்மீது உள்ள பற்று இவற்றில் எதை அவர் தேர்வார் என்பதைத் தீர்மானிக்கிறது என்றும் காட்டினார். இவர்கள் விளக்காமல் விட்ட ஒன்றை எட்வர்ட் கிளேசரும் ஜோசப் கியூர்கோவும் 2005இல் எடுத்துக்கொண்டனர்: நகரம் வளரும்போது வேகமாக வளர்கிறது, தேயும்போது ஏன் மெதுவாகத் தேய்கிறது? வேலை போனாலும் வீடு இருக்கிறது, வீடு இலேசில் அழியாது, அதன் விலைதான் விழும், விலை விழுந்த வீட்டில் வருமானம் குறைந்தவரும் இருந்துகொள்ளலாம் என்பது அவர்களது விடை. 1950இல் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த அமெரிக்காவின் டெட்ராயிட் நகரம் 2020இல் 6.4 லட்சமாகச் சுருங்க எழுபது ஆண்டுகள் ஆனதை இந்த விளக்கத்தோடு சேர்த்துப் படிக்கலாம். வீட்டை மையமாக வைக்கும் இந்தச் சிந்தனை, வீடே தொழிற்கூடமாக இருக்கும் நெசவு ஊர்களுக்கு மற்றெந்தக் கோட்பாட்டையும்விட நெருக்கமாகப் பொருந்துகிறது.

நெசவாளரை ஓரிடத்தில் வேர்விட்ட மக்களாகக் காண்பது பிற்காலப் பழக்கம். இடைக்காலத் தென்னிந்திய நெசவாளர் குறித்து விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட நூல், வரிச்சுமை தாங்க முடியாதபோது நெசவாளர்கள் ஊரை விட்டு வெளியேறியதையும், அவர்களை மீண்டும் குடியேற்ற ஆட்சியாளர்கள் வரிச் சலுகை அளித்ததையும் கல்வெட்டுகளைக் கொண்டு விவரிக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு நெசவாளர்களை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி, இடம்பெயரும் ஆற்றலே அவர்களது பேரம் பேசும் ஆற்றலாக இருந்தது என்றும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வலுத்தபோது அந்த ஆற்றல் முடக்கப்பட்டது என்றும் வாதிடுகிறார். ஹிர்ஷ்மனின் சொற்களில் சொன்னால், அன்றைய நெசவாளருக்கு வெளியேற்றமே குரலாகவும் இருந்தது. தறி என்பது அன்று நாலு கம்பும் கயிறும் அச்சும்தான்; பிரித்துக் கட்டி வண்டியில் ஏற்றினால் போகுமிடத்தில் குழி தோண்டி நிறுத்திவிடலாம். மேற்கிந்தியாவிலிருந்து புறப்பட்டுத் தலைமுறைகள் கடந்து தமிழகத்து நெசவு ஊர்களில் பரவிய சௌராஷ்டிர சமூகத்தார் ஆரணியிலும் குடியமர்ந்தது இந்தப் பெயர்வின் தொடர்ச்சி. அவர்களும் செங்குந்தர்களும் அடங்கிய நெசவு மக்களையும், சுற்றுவட்டார நெல் வணிகத்தையும் கொண்டு, மராத்திய ஜாகீர்தார்களின் ஆளுகையில் ஆரணி சந்தை நகரமாக உருப்பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணியின் பெயர் பட்டால் அறியப்படவில்லை. ஆங்கிலேயரின் கைத்தொழில் பதிவுகளில் மெல்லிய பருத்தி மஸ்லினுக்காகவே அது குறிக்கப்பட்டது. ஆலைத் துணியின் வருகைக்குப் பிறகு அந்த மஸ்லின் நெசவு அழிந்தது, ஊர் அழியவில்லை. ஒரு துணியின் மரணத்தைத் தாண்டி வந்த அனுபவம் ஆரணிக்கு ஏற்கெனவே உண்டு என்பதை, இன்றைய பட்டுத்தறியின் நிலையைக் கண்டு ஊரின் முடிவை எழுதிவிட விரும்புவோர் நினைவில் வைப்பது நல்லது.

பட்டு ஆரணியை ஆட்கொண்ட கதையைச் சொல்ல, இந்தியாவின் வேறெந்தச் சிறுநகரத்துக்கும் எளிதில் வாய்க்காத ஆய்வுத் தொடர் ஒன்று இருக்கிறது. பொருளியல் ஆய்வாளர் பார்பரா ஹாரிஸ்-வைட் 1973இல் இவ்வூரின் வணிகத்தை ஆராயத் தொடங்கி, பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பி வந்து, நான்கு தசாப்த மாற்றத்தைப் பதிவு செய்தார். அவரும் பிறரும் எழுதிய கட்டுரைகள் 2016இல் தனி நூலாக வந்தன. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த நாகராஜ், ஜனகராஜன், ஜெயராஜ் ஆகியோர் அவருடன் இணைந்து ஆரணி வட்டாரப் பட்டு நெசவின் சமூகவியலை 1990களில் ஆராய்ந்தனர். இவற்றிலிருந்து கிடைக்கும் சித்திரம் இது: நெல்லும் அரிசி ஆலையும் ஊரின் முதன்மையாக இருந்த காலத்தில் பட்டு இரண்டாமிடத்தில் இருந்தது, பசுமைப் புரட்சியால் பெருகிய வருமானமும் நடுத்தர வகுப்பின் கல்யாணச் செலவும் பட்டுச்சேலைக்குச் சந்தையை விரித்தபோது, முதலாளிகள் எனப்படும் பெருநெசவாளர்கள் தறிகளை ஊருக்குள் பெருக்குவதற்குப் பதிலாகச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி பட்டும் சரிகையும் வாங்கி, பட்டைப் பாவாக, அதாவது தறியின் நீளவாட்டு இழைகளாக, ஆக்கித் தந்து, கூலி கொடுத்துச் சேலையைப் பெற்றுக்கொள்பவர். பரம்பரையாக நெசவு அறியாத விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் தறியில் அமர்ந்தார்கள். தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற ஊர்களைச் சேர்த்து எண்ணாமல் ஆரணிப் பட்டைப் பற்றிப் பேச முடியாது. காஞ்சிபுரம் சேலையைவிட எடையிலும் விலையிலும் குறைந்த சேலைக்கு ஆரணி பெயர்பெற்றது. புவிசார் குறியீடும் பெற்றது.

இப்படிப் பரவிய தறி, பழைய தறியைப் போல எளிதில் பெயரக்கூடியதாக இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. குழித்தறிக்கு நெசவாளர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் பள்ளம் வீட்டுத் தரையில் வேண்டும். தறிக்கு மேல், சேலையின் பூவேலையைத் துளையிட்ட அட்டைகளால் கட்டுப்படுத்தும் ஜக்கார்டு பெட்டியைத் தாங்கும் உயரமான கூரை வேண்டும். பாவை நீட்டிக் கட்ட வீட்டின் நீளம் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் குழிக்குள் ஈரம் ஊறினால் பட்டிழை தொய்ந்து வேலை நின்றுவிடும் என்பதால் தரைமட்டமும் பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் குழி தோண்ட உரிமையாளர் எளிதில் சம்மதிக்க மாட்டார். ஆகவே நெசவுக் குடும்பம் ஊர் மாறுவதென்றால் வீடு தேடுவது மட்டும் போதாது. தறி நிற்கும் வீட்டைத் தேட வேண்டும், அப்படிப்பட்ட வீடு நெசவுத் தெருவில்தான் இருக்கும். தெருவும் தொழிலின் பகுதிதான். நெய்வதற்கு முன் பாவின் இழைகளைத் தெருநீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, ஒட்டிய இழைகளைப் பிரித்து உலர்த்தும் வேலை, வெயில் ஏறுவதற்குள், இளங்காலையில் முடிய வேண்டியது. நெசவாளர் குடியிருப்புகளின் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் அமைந்ததற்கு இது ஒரு காரணம். இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் தெருவில், வீடுகளின் முன்படிகள் தெருவுக்குள் நீண்டுவிட்ட பிறகு, பாவு விரிக்க இடம் கேட்டுப் பக்கத்து வீட்டாரிடம் பேச வேண்டியிருக்கிறது.

வீட்டோடு தறியும் தெருவும் பிணைந்திருக்கும் இந்த நிலை, போவதைக் கடினமாக்குகிறது. இருப்பதைக் கடினமாக்குபவை வேறு. 1995–96இன் இரண்டாம் கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுதும் 65.5 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் 2009–10இல் 43.3 லட்சமாகவும், 2019–20இன் நான்காம் கணக்கெடுப்பில் 35.2 லட்சமாகவும் குறைந்தனர். அவ்விறுதிக் கணக்கெடுப்பின்படி நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. பட்டு நெசவாளர் பருத்தி நெசவாளரைவிடக் கூடுதலாகவே சம்பாதிக்கிறார். ஆனால் அவரது கூலியை நிர்ணயிக்கும் எதுவும் அவர் கையில் இல்லை. பட்டுநூல் கர்நாடகத்தின் இராமநகரம் முதலான பட்டுக்கூட்டுச் சந்தைகளின் விலையையும் சீன இறக்குமதியையும் பார்த்து ஏறி இறங்கும். சரிகை சூரத்திலிருந்து வருகிறது, தங்கத்தின் விலையோடு நகர்கிறது. இவை ஏறும்போது முதலாளி பாவு தருவதைக் குறைப்பார். சேலையின் விலையில் பட்டும் சரிகையும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்போது, கூலி ஒன்றுதான் அவர் குறைக்கக்கூடிய செலவாக எஞ்சுகிறது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டம் கரையும் முந்தானையும் கொண்ட பட்டுச்சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கியிருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலையாக விற்கப்படுவதைத் தடுக்கச் சொல்லி நெசவாளர்கள் திரும்பத் திரும்பக் கோரிவருவது, சட்டம் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்பதற்குச் சான்று. 2020இன் ஊரடங்கில் கல்யாணங்கள் நின்றபோது, கல்யாணத்தை நம்பியே இயங்கும் இத்தறிகள் மாதக்கணக்கில் ஓயவேண்டியதாயிற்று.

கூலி குறைந்தால் போய்விட வேண்டியதுதானே என்ற கேள்விக்கு முன்பணம் என்ற சொல் விடை தருகிறது. தறியில் அமரும்போது முதலாளியிடம் வாங்கும் தொகை, வேலையில் இருக்கும்வரை திருப்பித் தர வேண்டாதது. வேலையை விட்டால் மொத்தமாகத் தர வேண்டியது. கல்யாணம், மருத்துவம், வீட்டுக் கூரை என ஒவ்வொன்றுக்கும் அது கூடும். ஒரு முதலாளியை விட்டு வேறொருவரிடம் போகிறவர், புதியவரிடம் முன்பணம் வாங்கிப் பழையவரை அடைப்பார். ஆகவே முதலாளி மாறலாம், கடன் மாறாது, ஊரையும் விட முடியாது. வங்கியோ கூட்டுறவோ தராத கடனைத் தரும் ஒரே இடம் என்ற வகையில் நெசவாளர் அதை வேண்டி வாங்குகிறார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இந்த முன்பணம் காஞ்சிபுரம், ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் குழந்தைகளின் தலையில் விழுந்த காலம் ஒன்று இருந்தது. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மறுகரையில் நாடா எறிய ஒரு துணைக்கை வேண்டும். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இருக்கும்போதே இது நடந்தது. பின்னர் பள்ளிச் சேர்க்கையும் சிறப்புப் பள்ளிகளும் தொடர் கண்காணிப்பும் அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து இறக்கின. பட்டு நெசவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருந்துவோர், அந்தப் பற்றாக்குறையில் ஒரு பங்கு, தறியில் இருந்திருக்கவே கூடாத பிள்ளைகள் பள்ளிக்குப் போனதால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வெளியேற்றம் நல்ல வெளியேற்றம்.

பள்ளி முடித்த பிள்ளைகள் திரும்பத் தறிக்கு வரவில்லை. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் வீட்டை விட்டும் போகவில்லை என்பதே ஆரணியின் தனித்தன்மை. 2000களின் பிற்பாதியில் தொழிற்சாலைகள் வளர்ந்த செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் காலணி ஆலைகள் பல்லாயிரம் பேருக்கு, பெரும்பாலும் இளம்பெண்களுக்கு, வேலை தந்தன. அவர்களை ஊர் ஊராக ஏற்றிச்செல்லக் கம்பெனி பஸ் வந்தது. இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளும், சற்றுத் தொலைவில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளும் இதே பஸ்ஸால் எட்டும் எல்லைக்குள் வந்தன. விடியுமுன் பெண் கிளம்பி இரவில் திரும்புகிறாள். பாட்டியோ தாயோ வீட்டில் தார் சுற்றுகிறார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு கண்டில் ஊடை நூலை ஏற்றுகிறார். தந்தை தறியில் இருக்கிறார். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றும் ஆலைக்கு உண்டு, தறிக்கு இல்லை. தறிக்காரருக்குப் பெண் தர யோசிக்கும் பெற்றோர், கம்பெனி வேலை பார்க்கும் மாப்பிள்ளையை யோசிப்பதில்லை என்பது நெசவு ஊர்களில் எல்லோரும் சொல்லும் பேச்சு. கூலிக் கணக்கைக் காட்டிலும் இந்தக் கல்யாணக் கணக்கே பல இளைஞரைத் தறியிலிருந்து எழுப்பியிருக்கிறது எனலாம்.

சென்னைக்கோ பெங்களூருக்கோ முழுதாகப் போய்விடுபவர்கள் பட்டம் படித்தவர்களும், ஊரில் சொந்த வீடு இல்லாதவர்களும். ஆரணிக்குள் ரயில் வராததும் இதற்கு உதவியது. ஆரணி ரோடு என்று பெயர் தாங்கிய நிலையம் காட்பாடி–விழுப்புரம் பாதையில் களம்பூரில் இருக்கிறது, ஆரணி வழியாகச் செல்ல வேண்டிய திண்டிவனம்–நகரி பாதை அறிவிக்கப்பட்டு ஆண்டுகள் பல ஆயின. தினமும் போய்த் திரும்ப ரயில் இருந்திருந்தால் தங்கியிருக்கக்கூடிய சிலர் குடிபெயர்ந்திருக்கிறார்கள்.

வீடு யாருடையது, தினம் போய்வர வழி உண்டா என்னும் இரண்டும்தான் தீர்மானிக்கின்றன என்பதை வேறு இரு ஊர்களோடு ஒப்பிட்டு உறுதி செய்யலாம். கோவை மாவட்டத்து வால்பாறையில் 2001இல் ஏறத்தாழ 95,000 பேர் இருந்தனர். 2011இல் ஏறத்தாழ 71,000 பேரே எஞ்சினர். தேயிலை விலை சரிந்து தோட்ட வேலை சுருங்கியபோது, தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை என்பதால், வேலை முடிந்தவரின் குடியிருப்பும் அதோடு முடிந்தது. மலையிலிருந்து நாள்தோறும் சமவெளிக்கு இறங்கி வேலை பார்த்து ஏறுவதும் இயலாது. அவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினர். கர்நாடகத்துக் கோலார் தங்கவயலின் கதை வேறு. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து, ஆரணியைச் சூழ்ந்த இதே நிலப்பகுதியிலிருந்தும், போன தமிழர்கள் தலைமுறைகளாக இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. கம்பெனி வீடுகளில் இருந்தோர் வெளியேற மறுத்து அவற்றைத் தமக்கே தரக் கேட்டனர். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவில் திரும்பும் வாழ்க்கையைப் பல்லாயிரம் பேர் ஏற்றனர். தொழில் இரண்டு ஊரிலும் போயிற்று; வீடும் ரயிலும் ஓர் ஊரைக் காத்தன. ஆரணியில் வீடு சொந்தம், ரயிலின் இடத்தில் கம்பெனி பஸ். ஆகவே ஆள் தங்குகிறார், தறி தங்கவில்லை.

ஊர் நிலைத்தால் போதாதா, தறி போனால் என்ன என்று கேட்கலாம். தறியில் இருக்க விரும்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் இதற்கு விடை. பிறருடைய வெளியேற்றம் அவர்கள் தங்குவதை முடியாததாக்கிக்கொண்டிருக்கிறது. பட்டுச்சேலை ஒருவர் நெய்வதாகத் தோன்றினாலும், சாயக்காரர், பாவு ஓட்டுபவர், தெருவில் பாவு தோய்பவர், அச்சுக் கட்டுபவர், ஜக்கார்டு அட்டை அடிப்பவர், தறித் தச்சர் என ஒரு வரிசையே அதன் பின்னால் நிற்கிறது. இவர்களில் பாவு பிணைப்பவரின் வேலையைச் சற்று அருகே சென்று பார்க்கலாம். ஒரு பாவில் மூன்று நான்கு சேலை நெய்து முடித்ததும், தறியில் அச்சுக்கும் விழுதுக்கும் ஊடாக நுழைந்திருக்கும் பழைய பாவின் முனைகளைப் புதிய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். பிணைப்பவர் தறிக்குள் தரையில் அமர்ந்து, விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஓர் இழையைப் பழையதிலிருந்தும் ஓர் இழையைப் புதியதிலிருந்தும் எடுத்து, சேர்த்து முறுக்கித் தேய்த்து விடுகிறார். முடிச்சு கிடையாது, முடிச்சிட்டால் அச்சில் மாட்டும். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றும் விட்டுப்போகாமல், வரிசை மாறாமல். ஓர் இழை மாறினால் சேலையின் நீளம் முழுதும் கோடு விழும். கற்றுத் தேற ஆண்டுகள் ஆகும் இந்த வேலைக்குப் பாவுக்கு இவ்வளவு என்று கூலி. பெரும்பாலும் முதியவர்களும் பெண்களுமே செய்கிறார்கள்.

நூறு தறி ஓடும் ஊரில் பிணைப்பவர் சிலருக்குப் போதிய வேலை இருக்கும். தறி நாற்பதாகக் குறைந்தால் அவர்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. ஒருவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார், இன்னொருவர் பேரப்பிள்ளையைப் பார்க்க மகன் வீட்டுக்குப் போகிறார். எஞ்சிய ஒருவரிடம் நாற்பது தறியும் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நாளுக்குக் கூலி இல்லை. மாதத்தில் ஒரு வாரம் தறி சும்மா நின்றால், அதுவரை கட்டுப்படியான நெசவும் கட்டுப்படியாகாததாகிவிடுகிறது. நெசவாளர் பஸ்ஸைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனதும் எஞ்சியவர்கள் அனைவரும் விரைவில் விடுவதை வரம்பு விளைவு என்பர் சமூகவியலார். நெசவு ஊரில் அந்த வரம்பைத் தீர்மானிப்பது நெசவாளரின் எண்ணிக்கை மட்டுமன்று, துணைத்தொழிலாளர் எண்ணிக்கையும்தான். ஆரணி நகரத்துக்குள் தறி அருகிப்போன தெருக்களில் இருப்பவர்கள் தேவிகாபுரத்திலோ ஒண்ணுபுரத்திலோ உள்ள உறவினரிடம் சொல்லி ஆள் வரவழைப்பது, வரம்பை நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவாக்கித் தள்ளிப்போடும் ஏற்பாடு. பட்டு கிராமங்களுக்குப் பரவியதால் விளைந்த நன்மைகளில் இது ஒன்று என்று கருத இடமுண்டு.

அரசின் திட்டங்கள் இந்த வரிசையைக் கண்டுகொண்டனவா என்று பார்த்தால், பெரும்பாலும் தறியையே அலகாகக் கொண்டிருப்பது தெரிகிறது. 2023இல் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரம் 300 அலகாகவும், விசைத்தறிக்கு 750 அலகாக இருந்தது 1,000 அலகாகவும் உயர்த்தப்பட்டன. மின்சாரம் தறி நிற்கும் வீட்டுக்குப் போகிறது. பாவு பிணைப்பவர் வீட்டில் தறி இல்லை. கூட்டுறவுச் சங்கங்களும் 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் முன்பணப் பிடியிலிருந்து விலகி நிற்க ஒரு பகுதி நெசவாளருக்கு உதவியிருக்கின்றன. ஆனால் சங்கம் உறுப்பினராகக் காண்பது தறியில் அமர்ந்திருப்பவரை. சங்கங்கள் பாவு பிணைப்பவர் இருவருக்கும் தோய்பவர் இருவருக்கும், பாவு வந்தாலும் வராவிட்டாலும், மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு, புதிதாகப் பத்துத் தறி வாங்கித் தருவதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். காத்திருப்பு நாள் ஒழிந்தால், பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தறியில் இருக்க விரும்பும் ஐம்பது வயது நெசவாளர் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு இருப்பார். 2027இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆரணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். கைத்தறிக் கணக்கெடுப்பு எத்தனை தறி ஓடுகிறது என்பதைச் சொல்லும். துணைத்தொழிலாளர் என்று ஒரே தலைப்பில் அது கட்டிவைக்கும் கூட்டத்திலிருந்து பாவு பிணைப்பவரைப் பிரித்து, ஊர்வாரியாக, வயதோடு எண்ணினால், எந்த ஊரில் எந்த ஆண்டில் தறி நிற்கப்போகிறது என்பதை முன்கூட்டியே கணிக்க முடியும்.